தொப்பி போட்ட படம்

என் கடை நெடுங்கேணிச் சந்தியிலிருந்து கூப்பிடு தூரம். போட்டோக்கொப்பி, போன் ரீலோட், அடையாள அட்டைப் படம், விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது, இடைக்கிடை கலியாணக் காட், அந்தியேட்டி அழைப்பு. ஊரில் யாருக்குக் கோபம் வந்தாலும் அது முதலில் வந்து உட்காருவது என் கணினிக்குப் பக்கத்தில் கிடக்கும் பிளாஸ்டிக் கதிரையில்தான். காணிப் பிரச்சினை, யானை வேலி, குளக்கட்டு உடைப்பு, கோயில் நிர்வாகச் சண்டை, எல்லாவற்றுக்கும் கடிதமும் நோட்டீசும் நான்தான் அடித்துக் கொடுப்பேன். மற்றவர்களுடைய ஆத்திரத்துக்கு எழுத்துப்பிழை திருத்துவதே தொழிலாகிவிட்டதால், ஒரு செய்தி எப்படிச் செய்யப்படுகிறது என்று எனக்கும் கொஞ்சம் தெரியும் என்றொரு நினைப்பு இருந்தது. 2024 மார்ச் மாதம் அந்த நினைப்பை ஆட்டிவிட்டது. எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன். மனம் விடுகுதில்லை.

எனக்குச் சித்தியின் மகன் ஒருவன் இருக்கிறான். பத்து வயது இளையவன், தம்பி என்றே எழுதுகிறேன். வயல் செய்கிறான், கோயில் தொண்டு செய்கிறான், மிச்ச நேரம் முழுக்க இந்திய அரசியல். அவனுடைய போனில் எப்போதும் ஒரு டெல்லி ஸ்டூடியோ கத்திக்கொண்டிருக்கும். 2024 ஜனவரி 22, அயோத்தியில் கோயில் திறந்த அன்று கடைக்குச் சர்க்கரைப் பொங்கல் கொண்டு வந்தான். “இராமனுக்கு இலங்கையில் பொங்குகிறாய். இராவணன் சிவபக்தன், நாங்கள் சைவக்காரர், கணக்கைப் பார்த்துப் பொங்கடா” என்றேன். சிரித்தான். இராவணனையும் இப்போது தெற்கில் உரிமை கொண்டாடுகிறார்கள். 2019இல் இலங்கை விண்ணுக்கு அனுப்பிய சின்னச் செய்மதிக்கே இராவணா-1 என்றுதான் பெயர். எங்களுக்கு மிஞ்சியது பொங்கல்.

தம்பியிடம் நிரந்தரமாக இரண்டு முறைப்பாடு உண்டு. ஒன்று, ஊடகங்கள் எல்லாம் இந்துக்களுக்கு எதிர். இரண்டாவது, எங்கட ஆக்களுக்குச் சொல்லத் தெரியாது. இந்த இரண்டாவதை இந்தியாவில் பாரதிய ஜனதாவின் ஆதரவாளர்களே அடிக்கடி சொல்வார்கள்: செய்கிற வேலை சரி, விளங்கப்படுத்துவதில்தான் கோட்டை விடுகிறோம். 2004 தேர்தலில் ‘இந்தியா ஒளிர்கிறது’ என்று விளம்பரம் போட்டுத் தோற்றபோதும் விளம்பரத்தின் தலையில்தான் பழி விழுந்தது. 2021 நவம்பர் 19ஆம் திகதி மூன்று விவசாயச் சட்டங்களை மீளப் பெறுவதாக அறிவித்தபோது பிரதமர் மோடி சொன்னதும் அந்த ராகம்தான். தங்கள் தவத்தில் ஏதோ குறை இருந்திருக்கலாம், சில விவசாயிகளுக்கு விளங்க வைக்க முடியாமல் போய்விட்டது என்றார். ஒரு வருடமாக டெல்லி எல்லையில் குளிரிலும் வெயிலிலும் கிடந்த சனத்துக்குச் சட்டம் விளங்கவில்லையாம்.

நான் தம்பியோடு வாதாடுவேன். ஆனால் உள்ளுக்குள் பாதி அவன் பக்கம்தான். வன்னியில் இருந்துகொண்டு ஊடகம் நடுநிலையானது என்று சொல்ல என் நாக்கு வளையாது. தொண்ணூறுகளில் பற்றரி வராது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி, இரவு ஒன்பதே காலுக்கு பிபிசி தமிழோசை கேட்ட கூட்டம் நாங்கள். சில்லுச் சுற்றுகிறவன் களைத்தால் உலகச் செய்தியும் களைக்கும். 2008 செப்டெம்பரில் அரசாங்கம் ஐ.நா.வையும் உதவி நிறுவனங்களையும் வன்னியை விட்டுப் போகச் சொன்னபோது, கிளிநொச்சியில் ஐ.நா. அலுவலகத்து வாசலில் சனம் நின்று போகவேண்டாம் என்று மன்றாடியது. அவர்கள் போனார்கள். அதற்குப் பிறகு நடந்தவற்றைச் சுயாதீனமாக வந்து பார்த்து எழுத ஒரு செய்தியாளரையும் உள்ளே விடவில்லை. எங்கள் செய்தியை யாரும் கேட்கிறார்கள் இல்லை என்று தம்பி சொல்லும்போது எனக்கு அது அரசியல் வாதமாகவே படுவதில்லை, வீட்டுக் கதையாகத்தான் படும்.

சிவராத்திரிக்குப் பிறகு

மார்ச் 8, வெள்ளிக்கிழமை, சிவராத்திரி. எங்கள் ஊர்ப் பக்கத்துச் சிவன் கோயில் மலையான வெடுக்குநாறியில் என்ன நடந்தது என்று இதை வாசிக்கும் பலருக்கும் தெரியும். அதற்கு முந்தின வருடம் விக்கிரகங்களை உடைத்தார்கள், நீதிமன்றம் போய்த் திருப்பி வைத்தோம். 2024இல் தண்ணீர் பவுசரை மறித்தார்கள், இருட்டுப்பட்ட பிறகு பூசை நடக்கும்போது பொலிஸார் சப்பாத்தோடு ஏறிச் சனத்தைத் தூக்கி இழுத்தார்கள், பூசாரியார் உட்பட எட்டுப் பேரைக் கொண்டுபோனார்கள். விளக்கமறியலில் வைத்து, அந்த மாதமே நீதிமன்றம் விடுவித்தது.

தம்பி அன்றிரவு மலையில் நின்றவன். காலையில் கடை திறக்கும்போது வாசலில் குந்தியிருந்தான். கண் சிவந்து, வேட்டியில் சேறு. போனைத் தந்தான். ஆடி ஆடி எடுத்த நாலு துண்டுக் காணொளி. டோர்ச் வெளிச்சம், சீருடை, “விடுங்கோ ஐயா, விடுங்கோ” என்று ஒரு பொம்பிளையின் குரல், எங்கேயோ மணி அடிக்கிறது. “அண்ணை, இதை இந்தியாச் சானலுகளுக்கு அனுப்புவம். அவங்கள் போட்டா இங்க இவங்கள் பயப்பிடுவாங்கள்” என்றான்.

நானும் இருந்து எழுதினேன். ஆறே ஆறு வரி. மலை எங்கே இருக்கிறது, எத்தனை காலமாகக் கும்பிடுகிறோம், தொல்லியல் திணைக்களம் என்ன சொல்கிறது, பொலிஸார் என்ன செய்தார்கள், எட்டுப் பேர் உள்ளே, வழிபாட்டு உரிமை வேண்டும். ஒரு சொல்லும் கூட்டவில்லை. தம்பி அதைப் போனிலேயே ஹிந்திக்கும் ஆங்கிலத்துக்கும் மாற்றினான். இருபதுக்கு மேற்பட்ட விலாசங்களுக்கு அனுப்பினோம். பெரிய சானல் ஒன்றும் பதில் போடவில்லை. மூன்றாம் நாள் ஒரு ஹிந்தி யூரியூப்காரர் மட்டும் கூப்பிய கைப் படம் ஒன்று அனுப்பி, காணொளியைப் பயன்படுத்தலாமா என்று கேட்டார். தம்பிக்கு வானத்தில் பறக்கிற மாதிரி. அந்த அலைவரிசையின் பெயரை எழுதப் போவதில்லை. அதைப் போல ஆயிரம் இருக்கிறது.

கட்டாரில் படித்த ஹிந்தி

புதன்கிழமை பின்னேரம் அது வந்தது. எங்கள் இருவருக்கும் ஹிந்தி தெரியாது. கடையில் ரீலோட் போட ஒரு பெடியன் நின்றான், நாலு வருடம் தோஹாவில் கட்டட வேலை செய்தவன், அறையில் இருந்த பீகார் ஆட்களிடம் ஹிந்தி பிடித்தவன். அவனை இழுத்து உட்கார்த்தினோம்.

முகப்புப் படத்தைப் பார்த்ததும் எனக்கு வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. இடது பக்கம் எங்கள் மலை. வலது பக்கம் வெள்ளைத் தொப்பியும் தாடியுமாக ஒரு ஆண் கூட்டம், கையை ஓங்கிக்கொண்டு. எந்த நாட்டு ஆட்களோ தெரியாது, வன்னி ஆட்கள் இல்லை. நடுவில் சிவப்பு அம்புக்குறி. உள்ளே தம்பி எடுத்த நாலு துண்டில் இரண்டுதான் இருந்தது. சீருடை தெரிகிற இரண்டும் இல்லை. சனம் அலறுவது இருந்தது, யாரைப் பார்த்து அலறுகிறது என்பது வெட்டுப்பட்டிருந்தது. மணிச் சத்தத்துக்கு மேல் சினிமா இசை.

பெடியன் வரி வரியாகச் சொன்னான். “இலங்கையில இந்துக்கள் கும்பிட ஏலாதாம்... உலகத்தில எங்க போனாலும் இந்துவுக்கு இதுதானாம்... ஜிஹாதி எண்டுறான் அண்ணை... இதைப் பெரிய ஊடகம் ஒண்டும் காட்டாதாம், தான்தான் காட்டுறானாம்.” பொலிஸ் என்று ஏதாவது சொல்கிறானா என்று கேட்டேன். இல்லை. தொல்லியல் திணைக்களம்? இல்லை. பௌத்தம், சிங்களம்? திருப்பி ஓடவிட்டுக் கேட்டான். இல்லை. மலையின் பெயரை மட்டும் இரண்டு இடத்தில் சொன்னார்கள், இரண்டு இடத்திலும் இரண்டு விதமாக. நாங்கள் பார்க்கும்போதே நாற்பதாயிரம் பேர் பார்த்து முடித்திருந்தார்கள்.

இந்த நேரமெல்லாம் கொப்பி எடுக்கும் மெசினுக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். மோட்டார் சைக்கிளில் உடுப்புக் கட்டி ஊர் ஊராக விற்கிறவர், முல்லைத்தீவு நீராவிப்பிட்டி ஆள். நானா என்றுதான் கூப்பிடுவோம். தலையில் தொப்பி. எங்கள் மூன்று பேருக்கும் அவர் நிற்பது மறந்துபோய்விட்டது. 1990 ஒக்ரோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்கள் அத்தனை பேரையும் வெளியேற்றியபோது அவர் பள்ளிக்கூடப் பெடியன். புத்தளத்தில் இருபது வருடம் கிடுகுக் கொட்டிலில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். அன்று போனது ஏறத்தாழ 75,000 சனம். எங்கள் ஊர்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் அப்பாவும் திறக்கவில்லை. அவர்களைப் பற்றி அப்போது பரவிய கதைகளை யார் செய்தார்கள், யார் சோடித்தார்கள் என்று நாங்கள் கேட்கவும் இல்லை.

நானா காசைக் கொடுத்தார். மிச்சத்தை வாங்கினார். “மலைல புடிச்ச ஆக்கள விட்டாச்சா தம்பி? பூசாரியாருக்குச் சுகமா?” என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். “அல்லாஹ் பாத்துக்குவான்” என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார். தம்பி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரம் கழித்து மெல்லச் சொன்னான்: “பரவாயில்ல அண்ணை, எங்கட விசயம் போய்ச் சேந்திட்டுதுதானே.”

இந்த ஒரு வரிதான் எனக்கு முள்ளாகக் கிடக்கிறது.

வில்லனுக்கு இடமில்லாத கதை

யாரோ ஒரு யூரியூப்காரன் காசுக்குச் செய்தது என்று தட்டிவிட முதலில் முயன்று பார்த்தேன். முடியவில்லை, ஏனென்றால் இது நான் ஏற்கெனவே பார்த்த படம். 2020 ஏப்ரலில் மகாராஷ்டிராவின் பால்கர் பக்கம் இரண்டு சாமியார்களையும் அவர்களுடைய சாரதியையும் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்ற வதந்தியில் ஒரு கும்பல் அடித்துக் கொன்றது. கொடூரம். சில நாளிலேயே அது மதக் கதையாக மாறியது. கடைசியில் அந்த மாநில உள்துறை அமைச்சர் கைதான 101 பேரின் பட்டியலையே வெளியிட்டு, இதில் முஸ்லிம் ஒருவரும் இல்லை என்று சொல்ல வேண்டி வந்தது. அதே வருடம் நிஜாமுதீன் தப்லீக் கூட்டத்தை வைத்துக் கொரோனாவையே ஒரு மதத்தின் தலையில் கட்டினார்கள். ஆகஸ்டில் மும்பை உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு அந்தக் கூட்டத்துக்கு வந்த வெளிநாட்டவர்கள் மீதான வழக்கைத் தள்ளுபடி செய்து, அவர்கள் பலிக்கடா ஆக்கப்பட்டார்கள் என்றும் ஊடகங்கள் பெரிய பிரசாரம் செய்தன என்றும் எழுதியது. தீர்ப்பை எத்தனை பேர் பார்த்தார்கள்?

ஆகவே ஊடகம் எங்களுக்கு எதிர் என்ற தம்பியின் முதல் முறைப்பாட்டை இப்போது என்னால் அப்படியே எடுக்க முடியவில்லை. கொஞ்சமாவது எதிர்க்கேள்வி கேட்ட என்டிடிவி சானல் 2022 முடிவில் அதானி குழுமத்தின் கைக்குப் போனது, அதன் செய்தியாளர் ரவீஷ் குமார் வெளியேறினார். (அந்தக் குழுமம் மன்னாரில் காற்றாலை போட வந்து 2025இல் விலகியது வேறு கதை.) எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பின் 2024 பட்டியலில் 180 நாடுகளில் இந்தியா 159ஆவது. நாங்கள் 150, சந்தோசப்பட ஒன்றுமில்லை. இத்தனை சானலும் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும்போதும் எங்களைப் பற்றிச் சொல்ல ஆளில்லை என்று அழுவது, ஐந்து ஒலிபெருக்கி கட்டிய திருவிழாவில் பாட்டுக் கேட்கவில்லை என்பது போல. சத்தத்தில் குறையில்லை.

பிறகு எங்கே குறை? அந்தக் கிழமை முழுக்க அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் மலையில் ஏறியது ஒரு அரசாங்கத்தின் பொலிஸ். பிரச்சினையின் அடியில் இருப்பது பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கும் எங்கள் அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரையும், மலைகளில் விகாரை தேடும் ஒரு திணைக்களமும். ஆனால் இந்துத்துவம் சொல்லும் கதையில் பௌத்தர் எதிரி இல்லை, பாரத மண்ணில் பிறந்த மதம், பங்காளி. எதிரியின் கதிரைக்கு ஏற்கெனவே ஆள் நியமித்தாகிவிட்டது. நாங்கள் அனுப்பிய ஆறு வரியை அந்தக் கதைக்குள் வைக்க வேண்டுமென்றால் ஒன்று எங்களைத் தூக்கி எறிய வேண்டும், இல்லையென்றால் அடித்தவனை மாற்ற வேண்டும். பெரிய சானல்கள் முதலாவதைச் செய்தன. யூரியூப்காரர் இரண்டாவதைச் செய்தார். அவர் என்னைப் போல ஒரு கடைக்காரர்தான், தொப்பி போட்ட படம்தான் அங்கே விலை போகும் என்று தெரிந்தவர்.

இது வெறும் யூரியூப் விசயம் இல்லை என்பதற்கு அத்தாட்சி அதே கிழமை எங்கள் குடும்பக் குழுவிலேயே இருந்தது. மார்ச் 11, திங்கட்கிழமை, குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கான விதிகளை டெல்லி அறிவித்தது. மலைக் காணொளிக்குப் பதில் வருமா என்று காத்துக்கொண்டிருந்த தம்பி, அந்த இரவே காவி நிறத்தில் ஒரு படத்தை வட்ஸ்அப்பில் போட்டான்: உலக இந்துக்களுக்கு ஒரு வீடு திறந்துவிட்டதாம். அந்தக் குழுவில் அவனுடைய சொந்த அக்காவும் இருக்கிறா. 1990இல் மன்னார்க் கரையிலிருந்து வள்ளம் ஏறி மண்டபம் போய் இறங்கியவ. இன்றும் தமிழ்நாட்டில் முகாமில்தான். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று 2021இல் பெயரை மாற்றினார்கள், அறையின் அளவு மாறவில்லை. அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கும் குடியுரிமை இல்லை. அவரைப் போல 50,000க்கும் மேற்பட்டவர்கள் முகாம்களில் இருக்கிறார்கள், பெரும்பாலானோர் திருநீறு பூசுகிற ஆட்கள்.

அக்கா குரல் பதிவு ஒன்று போட்டிருந்தா. “தம்பி, நீ போட்டதைப் பாத்தனடா. பாகிஸ்தான் இருக்கு, பங்களாதேஷ் இருக்கு, ஆப்கானிஸ்தான் இருக்கு. எங்கட நாட்டைக் காணேல்லையே. நீ வடிவாப் பாத்தனியோ?” கோபமே இல்லாத குரல். அந்த மூன்று நாட்டிலும் அரச மதம் இஸ்லாம், அங்கே மதத்தால் நெருக்கப்படும் சிறுபான்மைக்குத்தான் இந்தச் சட்டம் என்பது டெல்லி சொல்லும் விளக்கம். சட்டம் காப்பாற்றும் பட்டியலில் இந்து, சீக்கியர், சமணர், பார்சி, கிறிஸ்தவர் என்பவர்களோடு பௌத்தரும் உண்டு. பௌத்தத்துக்கு முதன்மை கொடுக்கும் நாட்டில் அடிபட்டு ஓடிய இந்துவுக்கு அதில் ஒரு வரியும் இல்லை. சட்டமும் அந்த முகப்புப் படமும் ஒரே அச்சில் வார்த்தவை என்று எனக்குப் பட்டது அப்போதுதான். தம்பி அக்காவுக்குப் பதில் போடவில்லை. காவிப் படத்தை மட்டும் அழித்துவிட்டான்.

தோஹாப் பெடியன் இதைக் கேட்டுவிட்டு வேறொன்று சொன்னான். 2022 ஜூனில் அவன் அங்கே இருந்தான். பாஜகவின் தேசியப் பேச்சாளர் நூபுர் சர்மா தொலைக்காட்சி விவாதத்தில் நபிகளைப் பற்றிச் சொன்னதற்குக் கட்டார் அரசு இந்தியத் தூதரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டது. அந்தக் கருத்துகள் விளிம்பில் நிற்கும் சில ஆட்களுடையவை என்று தூதரகம் அறிக்கை விட்டது, கட்சி அவரை இடைநிறுத்தியது. “எங்கட அறையில இருந்த பீகார் அண்ணன்மார் அதைப் பாத்திட்டு, ரி.வி.யில தினமும் எங்களுக்குச் சொல்லித் தந்ததே இவ்வளவும்தானே, இப்ப விளிம்பு எண்டா என்ன அர்த்தம் எண்டு கேட்டவங்கள் அண்ணை” என்றான். உள்ளூருக்கு ஒரு நோட்டீஸ், கட்டாருக்கு ஒரு நோட்டீஸ். இதை விளங்கப்படுத்துவதில் வந்த குறை என்று சொல்வார்களாயின், அப்படியே இருக்கட்டும்.

மாத முடிவில், மார்ச் 31, கச்சதீவு வந்தது. காங்கிரஸ் தூக்கிக் கொடுத்துவிட்டது என்று மோடி பதிவிட, ஒரு கிழமை எல்லாச் சானலிலும் 285 ஏக்கர் தீவு. முல்லைத்தீவுக் கடலில் இந்திய இழுவைமடி றோலர்கள் வலையை அறுத்துக்கொண்டு போவதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்தோனியார் திருவிழாவுக்கு இரண்டு கரையிலிருந்தும் போகிற சனத்தைப் பற்றியும் இல்லை. தமிழ்நாட்டிலும் அது எடுபடவில்லை, 39 தொகுதியிலும் பாஜகவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. தம்பி அந்த ஒரு கிழமையும் என் கடைப் பக்கம் வரவில்லை.

சிங்களத்தில் நூறு கொப்பி

அடுத்த வருடச் சிவராத்திரிக்கு இரண்டு கிழமை முன் வந்தான். கையில் கொப்பித்தாளில் எழுதிய நோட்டீஸ். வழிபாட்டு உரிமை, மலையின் வரலாறு, நீதிமன்றம் சொன்னது. வாசித்துவிட்டு, “இந்த முறை யாருக்கடா எழுதுறாய்?” என்றேன். கொஞ்சம் யோசித்தான். “மலைக்கு வாற பொலிஸ்காரனுக்கு இதில ஒண்டும் விளங்காது என்ன?” என்றான். எத்தனை வருடமாக நான் இந்தக் கடையில் நோட்டீஸ் அடிக்கிறேன், ஒன்றைக்கூடச் சிங்களத்தில் அடிக்கவில்லை என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது.

சிங்களம் எழுதத் தெரிந்த ஆளைத் தேடினால் ஊரில் யாரும் இல்லை. கடைசியில் நானாவின் மகன்தான் எழுதித் தந்தான், புத்தளத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை. ‘ஆக்கிரமிப்பு’ என்ற சொல்லில் நின்றுவிட்டுப் போன் எடுத்தான். “இத அப்படியே போடவா, கொஞ்சம் தணிச்சுப் போடவா?” என்று கேட்டான். தம்பி என்னைப் பார்த்தான். பிறகு, “அப்படியே போடுங்கோ” என்றான். கூலி வாங்க மாட்டேன் என்று அந்தப் பெடியன் பிடிவாதம் பிடிக்க, தம்பி போய் நானாவிடம் இரண்டு சாரம் வாங்கிக்கொண்டு வந்தான். அவனுக்குத் தேவையே இல்லாத சாரம்.

தமிழில் இருநூறு, சிங்களத்தில் நூறு அடித்தோம். சிங்களத்தில் பாதிக்கு மேல் மிஞ்சி என் மேசையில் கிடந்தது. சிவராத்திரிக்கு முதல் நாள் ஒரு பொலிஸ்காரர் வந்தார், சின்ன வயது, புதிய முகம். அடுக்கில் மேலே கிடந்ததை எடுத்து நின்ற நிலையில் வாசித்தார். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார், அங்கே ஒன்றும் இல்லை. மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

“நூறு ரூபா ரீலோட் ஒண்டு” என்றார், உடைந்த தமிழில்.